வெந்நீருக்கும் ஒரு கணக்கு உண்டு



ஐப்பசி மழை ஓய்ந்து கார்த்திகை பிறந்துவிட்டால் எங்க பக்கம் பனி இறங்கிவிடும். தளி, தேன்கனிக்கோட்டைப் பகுதி கடல் மட்டத்திலிருந்து ஏறத்தாழ 900 மீட்டர் உயரம். மார்கழியில் காலை எட்டு மணிக்கும் கேழ்வரகுத் தாள் மேல் பனி சொட்டிக்கொண்டிருக்கும். தொட்டித் தண்ணியில் கை வைத்தால் விரல் மரத்துப்போகும்.

யூரியா மூட்டை வாங்குவதை நிறுத்திப் பதினோரு வருசம் ஆகிறது. பூச்சிமருந்துக் கடைப் படி ஏறியும் அவ்வளவு நாள் ஆச்சு. "வெளி இடுபொருள் வேண்டாம்" என்று போகிற கூட்டத்தில் எல்லாம் பேசுகிறவன் நான். ஆனால் என் வீட்டுக் குளியலறையும் அடுப்பங்கரையும் முழுக்க வெளி இடுபொருளில்தான் ஓடிக்கொண்டிருந்தன. அது எனக்குப் புரிந்தது 2023 சனவரியில், கரண்ட் பில் வந்த அன்றைக்கு.

அதற்கு முந்தைய பில் 340 யூனிட், 855 ரூபாய். இந்தப் பில் 560 யூனிட், 2,430 ரூபாய். யூனிட் இரண்டு பங்குகூட ஆகவில்லை, பணம் கிட்டத்தட்ட மூன்று பங்கு ஆகிவிட்டது. வீட்டில் சத்தம் போட்டேன். "யாரு இப்படி ஹீட்டரை ஓட விடறது?" என்று எல்லோரையும் கேட்டேன். அந்தச் சத்தத்துக்குக் கொடுத்த விலையைப் பின்னால் சொல்கிறேன்.

பில்லைப் படிக்கக் கற்றுக்கொண்டேன்

நம் மாநிலத்தில் வீட்டுக் கரண்ட் இரண்டு மாதத்துக்கு ஒருமுறை கணக்கெடுக்கப்படுகிறது. அப்போது முதல் 100 யூனிட் இலவசம். அதற்கு மேல் விலை படிக்கட்டு போல ஏறும். 2022 செப்டம்பர் கட்டணப்படி 101 முதல் 200 வரை யூனிட்டுக்கு 2.25 ரூபாய், 400 வரை 4.50, 500 வரை 6 ரூபாய்.

இதில் கவனிக்க வேண்டிய இடம் 500. அதைத் தாண்டினால் தாண்டின யூனிட்டுக்கு மட்டும் விலை ஏறுவதில்லை. கீழ்ப்படியில் இருந்த 2.25 ரூபாய் சலுகையும் போய்விடும். அந்தக் கட்டணத்தில் 101லிருந்தே 4.50 போட்டார்கள், 500க்கு மேல் 8 ரூபாய். கணக்குப் போட்டுப் பாருங்க. 500 யூனிட்டுக்கு 1,725 ரூபாய். 510 யூனிட்டுக்கு 2,030 ரூபாய். பத்தே யூனிட்டுக்கு 305 ரூபாய்!

அதன் பிறகு விலை ஏறியிருக்கிறது. உங்க பில்லில் இருக்கிற விலையைப் போட்டு நீங்களே இந்தக் கணக்கைச் செய்து பாருங்க. எந்தப் படியில் நிற்கிறோம் என்று தெரிந்தால்தான் எங்கே காலை வைக்கக் கூடாது என்று தெரியும்.

கூடின 220 யூனிட் எங்கே போச்சு?

விளக்கு, டி.வி., மிக்ஸி எல்லாம் வழக்கம்போலத்தான். குளிர்காலத்தில் மின்விசிறி ஓடாது, அதனால் அந்த வகையில் குறையத்தான் வேண்டும். அந்த வருசம் புதிதாக வந்தவை இரண்டே இரண்டு.

ஒன்று, தண்ணி ஹீட்டர். அதுவரை கொல்லையில் அண்டா வைத்து விறகில் தண்ணி காய்ச்சினோம். புகையில் அம்மாவுக்குக் கண் எரிச்சல், இருமல் என்று மகன் ஹீட்டர் வாங்கி மாட்டினான். அவன் செய்ததில் தப்பு இல்லை.

ஒரு லிட்டர் தண்ணியை ஒரு டிகிரி சூடாக்க ஒரு கிலோகலோரி வெப்பம் வேண்டும். இது பள்ளிக்கூடத்தில் படித்ததுதான். ஒரு யூனிட் கரண்டில் இருப்பது 860 கிலோகலோரி. நாங்க ஐந்து பேர், ஆளுக்கு 20 லிட்டர் என்றால் 100 லிட்டர். எங்க தொட்டித் தண்ணி மார்கழியில் 18 டிகிரி. உடம்புக்கு இதமாக ஊற்ற 43 டிகிரி போதும். 25 டிகிரி ஏற்ற வேண்டும். 100 × 25 = 2,500 கிலோகலோரி. 860ஆல் வகுத்தால் 2.9 யூனிட். அறுபது நாளைக்கு 174 யூனிட்.

இன்னொன்று, கோழிக்குஞ்சு. பொரிப்பானில் பொரித்த ஐம்பது நாட்டுக்கோழிக் குஞ்சுகளுக்குக் கதகதப்புக்காக இரண்டு 100 வாட் குண்டு பல்பு, இரவெல்லாம் 12 மணி நேரம், மூன்று வாரம். ஒரு இரவுக்கு 2.4 யூனிட். மொத்தம் 50 யூனிட்.

174ம் 50ம் கூட்டினால் 224. கூடின கணக்கு சரியாக விடிந்துவிட்டது. வீட்டில் யார் மேலும் குற்றம் இல்லை. கணக்குப் போடாமல் கத்தின என் மேல்தான் குற்றம்.

அம்மா பச்சைத் தண்ணியில் குளித்தது

நான் சத்தம் போட்ட பிறகு பத்து, பன்னிரண்டு நாள் இருக்கும். அம்மாவுக்கு நெஞ்சுச் சளி கட்டிக்கொண்டது. ராத்திரி முழுக்க இருமல். என் வீட்டுக்காரம்மாதான் கண்டுபிடித்துச் சொன்னாள்: "ஏங்க, அத்தை இத்தனை நாளா ஹீட்டரே போடலைங்க. விடிகாலையில எழுந்து பச்சத்தண்ணியில ஊத்திட்டு வந்திடறாங்க."

அம்மாவுக்கு அப்போது 74 வயது. போய்க் கேட்டேன். "எனக்கு அது பழக்கம்தான்பா. ஒரு ஆளு தண்ணியாவது மிச்சமாகட்டும்னு பார்த்தேன்" என்றார்.

அவர் 12 நாள் பச்சைத் தண்ணியில் குளித்ததில் மிச்சமானது ஏழு யூனிட். மருந்து, ஊசி, ஆட்டோ என்று செலவானது 2,600 ரூபாய். பணத்தை விடுங்க. சிக்கனம் என்று வீட்டில் ஒருவன் கத்தினால், அதை முதலில் தன் உடம்பில் ஏற்றிக்கொள்வது அந்த வீட்டில் குரல் குறைவாக இருக்கிறவர்கள்தான். பெரும்பாலும் அம்மாவாக இருக்கும், மனைவியாக இருக்கும். அன்றைக்கு முடிவு செய்தேன்: வெந்நீர் குறையக் கூடாது, அதற்கு வாங்குகிற சக்திதான் குறைய வேண்டும்.

இருப்பும் வரத்தும்

ஜே.சி. குமரப்பா ஐயா பொருளாதாரத்தை இரண்டாகப் பிரித்துச் சொன்னார். நிலக்கரி, பெட்ரோலியம் போல எடுக்க எடுக்கக் குறைகிற இருப்பில் வாழ்வது ஒன்று. வெயில், ஓடும் நீர், வளரும் மரம் போல வந்துகொண்டே இருக்கிற வரத்தில் வாழ்வது இன்னொன்று. வயலில் நாம் வரத்துக்கு மாறிவிட்டோம். வீட்டில் ஏன் மாறக் கூடாது? என் காட்டில் என்ன வரத்து இருக்கிறது என்று ஒரு நோட்டில் எழுதினேன். வெயில், மூன்று மாட்டுச் சாணி, மல்பெரிக் குச்சி, தேங்காய்த் தொட்டி, வேலியோர உண்ணிச்செடி. இவற்றை வைத்து அடுத்த குளிர்காலத்துக்குள் செய்தவற்றை வரிசையாகச் சொல்கிறேன்.

1. குளிக்கிற நேரத்தை மாற்றினோம்

காசில்லாத வேலை இதுதான். காலை ஐந்து மணிக்குத் தண்ணியும் குளிர்ச்சி, காற்றும் குளிர்ச்சி. சாயங்காலம் நாலு மணிக்கு வெயிலில் கிடந்த தண்ணி தானே வெதுவெதுப்பாக இருக்கும். காட்டு வேலை முடித்து அழுக்கோடு வருகிறவன் சாயங்காலம் குளிப்பதுதான் நியாயமும் கூட. நானும் பிள்ளைகளும் மாலைக்கு மாறினோம். அம்மா காலை பதினோரு மணிக்கு வெயில் ஏறின பிறகு.

2. வெயில் பெட்டி

பழைய இரும்புத் தகர டேங்க் ஒன்று, 100 லிட்டர் பிடிக்கும். வெளியே கருப்புப் பெயிண்ட் அடித்தேன். அதைவிடச் சற்றுப் பெரிய மரப்பெட்டி செய்து, அடியிலும் பக்கத்திலும் உமியை அடைத்து, நடுவில் டேங்க்கை வைத்தேன். வெயில் பார்க்கும் பக்கம் பழைய சன்னல் கண்ணாடி. மார்கழியில் சூரியன் தெற்கே சாய்ந்து போவதால் கண்ணாடி தெற்கு பார்த்துச் சாய்வாக இருக்க வேண்டும். மேலே குளிர்ந்த தண்ணி வரக் குழாய், பக்கத்தில் சூட்டுத் தண்ணி எடுக்கக் குழாய். வெயில் இறங்கினதும் கண்ணாடி மேல் பழைய கம்பளியும் சாக்கும் போட்டு மூடிவிட வேண்டும். மூடாவிட்டால் பகலில் வாங்கின சூட்டை ராத்திரி வானத்துக்கே திருப்பிக் கொடுத்துவிடும்.

முதல் மாதமே குரங்கு குதித்துக் கண்ணாடி உடைந்தது. இப்போது மேலே பெரிய கண் கம்பிவலை போட்டிருக்கிறேன். நீங்க செய்தால் முதலிலேயே போட்டுவிடுங்க. இந்தத் தண்ணி குளிக்க, துணி அலச மட்டும். குடிக்க, சமைக்க வேண்டாம்.

"மூடுபனி நாளில் என்ன செய்வீங்க?" என்று கேட்பார்கள். வெயில் முழுதாகச் சுட வைக்காவிட்டாலும் லாபம்தான். 18 டிகிரித் தண்ணி வெயில் பெட்டியில் 38 ஆகிவிட்டால், மீதி ஐந்து டிகிரிக்கு மட்டும்தான் செலவு. 2.9 யூனிட் ஆக வேண்டிய இடத்தில் 0.6 யூனிட். வெயிலே வராத நாளுக்கு அடுத்து சொல்வது.

3. அண்டா அடுப்பைத் திருத்தினோம்

மூன்று கல் அடுப்பில் விறகின் சூட்டில் பத்தில் ஒரு பங்குதான் பாத்திரத்துக்குப் போகும். மீதி காற்றுக்கு. காய்ந்த விறகு ஒரு கிலோவில் சுமார் 3,500 கிலோகலோரி உண்டு. அப்படியானால் எங்க 100 லிட்டருக்கு ஒரு நாளைக்கு ஏழு கிலோ விறகு. அடுப்பைத் திருத்தி நாலில் ஒரு பங்கு சூடு தண்ணிக்குப் போகும்படி செய்தால் மூன்று கிலோவுக்குள் முடியும். நாலு கிலோ விறகு குறைந்தால், அதைப் பொறுக்கிச் சுமக்கிற முதுகும் தப்பும், ஊதுகிற நெஞ்சும் தப்பும்.

நாங்க செய்தது இவ்வளவுதான். அண்டாவை மண் அடுப்புக்குள் முக்கால் பாகம் இறக்கி வைத்துச் சுற்றிப் பூசினோம். அடியில் இரும்புச் சல்லடை வைத்து, கீழிருந்து காற்று ஏறும்படி விட்டோம். விறகு வைக்கும் வாயைச் சின்னதாக்கினோம். புகைக்குழாயைக் கூரைக்கு மேல் ஏற்றினோம். அண்டாவுக்கு மூடி போட்டோம். விறகைப் புரட்டாசியிலேயே சேர்த்துக் கூரைக்கடியில் அடுக்கிவிட வேண்டும். ஈர விறகு முதலில் தன் ஈரத்தைக் காய வைக்கத்தான் எரியும். புகையும் அதனால்தான்.

எதை எரிக்கிறோம் என்பதிலும் இயற்கை உழவனுக்கு ஒரு வரம்பு வேண்டும். மல்பெரிக் குச்சி, தேங்காய்த் தொட்டி, உண்ணிச்செடித் தண்டு இவை எரிக்கலாம். கேழ்வரகுத் தாள் மாட்டுக்கு. அவரைக்கொடி, இலை தழை எல்லாம் மூடாக்குக்கு. மண்ணுக்குப் போக வேண்டியதை அடுப்பில் போட்டுவிட்டு, பிறகு எருவை விலைக்கு வாங்கினால் அது சேமிப்பு ஆகாது. அடுப்புச் சாம்பலில் சாம்பல்சத்தும் சுண்ணாம்பும் இருக்கிறது. அதைக் கம்போஸ்ட் குழியில் தூவிவிடுகிறோம்.

4. சாண எரிவாயு: குளிரில் ஏன் படுத்துக்கொள்கிறது?

எங்க வீட்டில் ஒரு கனமீட்டர் கலன் இருந்தும் சும்மா கிடந்தது. "பனிக்காலத்துல வேலை செய்யாது" என்று விட்டுவிட்டோம். உள்ளே வேலை செய்வது நுண்ணுயிர். அதற்கு 35 டிகிரி சூடு பிடிக்கும். 20க்குக் கீழே போனால் சோம்பிவிடும். நம்மைப் போலத்தான்.

ஒரு மாடு ஒரு நாளைக்குச் சுமார் பத்துக் கிலோ சாணி போடும். 25 கிலோ சாணியில் ஒரு கனமீட்டர் வாயு வரும். அது 0.43 கிலோ சிலிண்டர் கேஸுக்குச் சமம். மாதத்துக்கு 13 கிலோ. அதாவது கிட்டத்தட்ட ஒரு சிலிண்டர்! குளிரில் பாதியாகக் குறைந்தாலும் மாதம் அரைச் சிலிண்டர் நம் தொழுவத்திலிருந்து வருகிறது.

குளிருக்கு நாங்க செய்தவை:

சாணியைக் காலையில் கரைப்பதில்லை. சாக்குப் போட்டு மூடி வைத்து, மதியம் கரைக்கிறோம்.

சாணிக்குச் சமமாகச் சேர்க்கும் தண்ணியை வெயிலில் வைத்த டிரம்மிலிருந்து எடுக்கிறோம். கொதிக்கும் தண்ணி ஊற்றக் கூடாது, நுண்ணுயிர் செத்துவிடும்.

அந்தத் தண்ணியில் ஒரு பகுதிக்குப் பதிலாக, வெளியே வரும் கரைசலையே சேர்க்கிறோம். பழகின நுண்ணுயிர் திரும்ப உள்ளே போகும்.

கலனைச் சுற்றி மண்மூடிய இடத்தில் கம்போஸ்ட்டைக் குவிக்கிறோம். மக்கும்போது வரும் சூடு கலனுக்குப் போர்வை.

வறட்டி தட்டி எரித்தால் சாணியில் உள்ள தழைச்சத்து புகையோடு போய்விடும். கலனில் போட்டால் தீயும் கிடைக்கும், எருவும் கிடைக்கும்.

5. அடுப்பங்கரை

இந்தப் பாடத்தை எனக்கு நடத்தினது என் வீட்டுக்காரம்மா. குளிர்காலத்தில் குடிக்கச் சுடுதண்ணி வைக்க ஒரு நாளைக்கு ஏழு தடவை அடுப்பு எரிந்தது. இப்போது ஒரு தடவை காய்ச்சிப் பிளாஸ்க்கில் ஊற்றி வைக்கிறோம். கொள்ளு, மொச்சையை முதல் நாள் ராத்திரியே ஊறப்போடுகிறாள். எந்தப் பாத்திரமும் மூடி இல்லாமல் அடுப்பு ஏறுவதில்லை.

வைக்கோல் கூடையும் வைத்திருக்கிறோம். பெரிய மூங்கில் கூடையில் வைக்கோலை அழுத்தி, நடுவில் பானைக்குக் குழி. அரிசியோ பருப்போ நன்றாகக் கொதி வந்து சில நிமிடம் ஆனதும் பானையை மூடியோடு இறக்கி, மேலே வைக்கோல் தலையணை போட்டு மூடிவிட வேண்டும். சூடு வெளியே போகாமல் உள்ளுக்குள்ளேயே வெந்துவிடும். இடையில் திறந்து பார்த்தால் கெட்டுப்போகும். களிக்கு இது ஆகாது, அதைக் கிண்டித்தான் ஆக வேண்டும்.

6. கோழிக்குஞ்சும் ஹீட்டரும்

குஞ்சு பொரிப்பதை மாசிக்குத் தள்ளிவிட்டேன். அவசரம் என்றால் உமி பரப்பின சின்ன அடைப்பில் ஒரே ஒரு 60 வாட் பல்பு. பெரிய கொட்டகையைச் சூடாக்க வேண்டியதில்லை, குஞ்சு நிற்கிற இடம் சூடானால் போதும். மூன்று வாரத்துக்கு 15 யூனிட். பல்பு சாக்கிலும் உமியிலும் படாமல் தொங்க வேண்டும், தீப்பிடித்துவிடும். சில குஞ்சு என்றால் தாய்க்கோழிச் சிறகைவிட நல்ல ஹீட்டர் இல்லை.

மின்சார ஹீட்டரைக் கழற்றவில்லை. அம்மாவுக்கு உடம்பு சரியில்லாத நாளுக்கும், விருந்தாளிக்கும் அது வேண்டும். 60 டிகிரியில் இருந்ததை 50க்கு வைத்தோம். எங்களுடையது 15 லிட்டர், 2,000 வாட். குளிக்கக் கால் மணி நேரம் முன்னால் போட்டால் போதும். முன்பு நாலரைக்குப் போட்டு ஏழு மணி வரை விட்டுவைப்போம்.

உயிர் சம்பந்தப்பட்ட இரண்டு எச்சரிக்கை

குளிருக்குக் கணப்புச் சட்டியில் கரி போட்டு, கதவு சன்னலை அடைத்துக்கொண்டு தூங்காதீங்க. கரியிலிருந்து வரும் நச்சுக்காற்றுக்கு நிறமும் இல்லை, மணமும் இல்லை. தூக்கத்திலேயே உயிர் போய்விடும். மலைப்பகுதிகளில் இப்படி நடந்திருக்கிறது.

வாளியில் போடும் ஹீட்டர் கம்பி வைத்திருந்தால், சுவிட்சை அணைத்து, பிளக்கைப் பிடுங்கின பிறகுதான் தண்ணியில் கை வைக்க வேண்டும்.

என்ன மிச்சம்?

2024 சனவரிப் பில் 350 யூனிட், 900 ரூபாய். முந்தைய குளிர்காலத்தில் 28 நாள் வந்த சிலிண்டர் 41 நாள் வந்தது. மார்கழியில் நாலு நாள் தொடர்ந்து வெயிலே இல்லை, அண்டா அடுப்புதான் காப்பாற்றியது. எல்லாம் சரியாகிவிட்டது என்று சொல்ல மாட்டேன். வெயில் பெட்டியின் குழாய் இணைப்பில் இன்னும் ஒழுக்கு இருக்கிறது. கலனைக் கலக்கிவிட மறந்தால் வாயு குறைகிறது.

அம்மா இப்போது பதினோரு மணிக்குக் குளிக்கப் போகும்போது, "டேய், தண்ணி இன்னிக்கு ரொம்ப சுடுது, கொஞ்சம் பச்சத்தண்ணி விளாவணும்" என்று குறை சொல்கிறார். அந்தக் குறையைக் கேட்கத்தான் இவ்வளவு வேலையும்.

நீங்க முதலில் எதையும் வாங்க வேண்டாம், கட்டவும் வேண்டாம். கார்த்திகை ஒன்றாம் தேதி ஒரு நோட்டுப் போடுங்க. மீட்டர் எண்ணை வாரம் ஒருமுறை எழுதுங்க. சிலிண்டர் மாற்றின தேதியை எழுதுங்க. வீட்டில் யார் எப்போது எந்தத் தண்ணியில் குளிக்கிறார்கள் என்று கேட்டு எழுதுங்க. அதைக் கட்டாயம் கேளுங்க, கேட்காமல் சொல்ல மாட்டார்கள். அடுத்து நம் உழவர் கூட்டத்துக்கு வரும்போது அந்த நோட்டையும் எடுத்துவாங்க. சேர்ந்து உட்கார்ந்து கணக்குப் பார்ப்போம்.